ஹெட்டைக் கழற்றாமல் வால்வு சீல் மாற்றுவது: பழைய கார் எஞ்சின்களுக்கான அனுபவக் குறிப்புகள்

காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது சைலன்சரிலிருந்து நீலப் புகை குப்பென்று வரும், ஒரு நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தபடியே வந்து, சமதளம் தொட்டதும் மறுபடி மிதித்தால் பின்னால் வரும் வண்டியை மறைக்கிற அளவுக்குப் புகை. ஐடிலில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பும்போதும் அப்படியே. மற்ற நேரமெல்லாம் எஞ்சின் சுத்தமாக ஓடும், இழுவையிலும் குறை தெரியாது. இப்படி இருந்தால் பிஸ்டன் ரிங்கைக் குறை சொல்வதற்கு முன், வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் நின்றபின் சிலிண்டர் ஹெட்டின் மேல் தங்கிய ஆயில், வால்வுத் தண்டுக்கும் அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்கும் நடுவே இரவெல்லாம் மெல்ல இறங்குகிறது. அது இன்லெட் போர்ட்டிலும், அந்த நேரத்தில் திறந்து நிற்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளும் சேர்ந்துவிடும். காலையில் அது எரிந்து தீரும்வரை புகைதான். இறக்கத்தில் நடப்பது வேறு. த்ராட்டில் மூடியிருக்கும்போது எஞ்சின் வேகமாகச் சுற்றினால் இன்லெட் மேனிஃபோல்டில் வெற்றிடம் உச்சத்துக்குப் போகும். அந்த உறிஞ்சல் ஹெட்டின் மேல்மூடியான ராக்கர் கவருக்குள் தெறிக்கும் ஆயிலைக் கைடு வழியே கீழே இழுத்துவிடும். எக்ஸாஸ்ட் போர்ட்டில் பெரும்பாலும் வெளித்தள்ளும் அழுத்தமே இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. பல பழைய எஞ்சின்களில் இன்லெட் வால்வுக்கு மட்டும் சீல் வைத்து எக்ஸாஸ்டைச் சும்மா விட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

ரிங் தேய்ந்த எஞ்சின் புகைக்கிற விதம் இப்படி இருக்காது. ஏற்றத்தில், சுமையோடு இழுக்கும்போது புகை கூடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று வேகமாக ஊதும். உறுதி செய்ய கம்ப்ரஷன் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லா பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கும்போது அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் கசிவு வால்வு உட்காரும் இடத்தில் அல்லது கேஸ்கெட்டில். கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் சரியாக இருந்தும் மேலே சொன்ன நேரங்களில் மட்டும் புகை வந்தால் சீல், கைடு இரண்டில் ஒன்று. பெரும்பாலும் இரண்டுமே.

சீலுக்குக் காசு போடும் முன் செலவில்லாத இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடலாம். ஒன்று, கிராங்க்கேஸ் காற்றை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வு. அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஆயில் நேராக மேனிஃபோல்டுக்குள் போய் சீல் போனது போலவே புகைக்கும். இன்னொன்று, ஹெட்டிலிருந்து ஆயில் கீழே திரும்பும் துளைகள். பல வருடக் கசடு அடைத்திருந்தால் ராக்கர் கவருக்குள் ஆயில் குளம்போலத் தேங்கும். கைடு மூழ்கிக் கிடந்தால் புது சீலும் தாங்காது. கவரைக் கழற்றியதும் ஒரு கம்பியை விட்டு எல்லாத் துளைகளையும் குடைந்து பாருங்கள்.

கைடுதான் முதலாளி

இந்த வேலையில் ஏமாற்றம் வருவதெல்லாம் ஒரே இடத்தில். சீலை மாற்றியதும் புகை நின்றுவிடும், சில மாதத்தில் திரும்ப வந்துவிடும். உடனே பழி சீல் மேல் விழும். ஆனால் தேய்ந்த கைடில் வால்வுத் தண்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பக்கவாட்டில் ஆடுகிறது. சீலின் உதடு வட்டமான தண்டைப் பிடிப்பதற்காக வார்க்கப்பட்டது. நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை இடதும் வலதும் தள்ளப்படும் தண்டை அதனால் பிடிக்க முடியாது. உதடு ஒரு பக்கம் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும். ஆகவே, சீல் மாற்றும் சாக்கில் ஒவ்வொரு கைடையும் அளந்துவிட வேண்டும் என்பதே எங்கள் கட்சி. அளக்காமல் மாட்டுகிற சீல் எவ்வளவு காலம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சாதாரணமாக இன்லெட் பக்கம் தண்டுக்கும் கைடுக்கும் இடைவெளி 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும், எக்ஸாஸ்ட் அதிகம் சூடாகி விரிவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல். உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள எல்லை அளவே கணக்கு. ஸ்பிரிங்கைக் கழற்றிய நிலையில் வால்வை அது உட்காரும் சீட்டிலிருந்து சில மி.மீ. இறக்கி, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை கைடின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே தண்டில் சாய்த்து, தண்டை ஆட்டிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஆட்ட வேண்டும்: ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) தள்ளுகிற திசையில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே ஒரு முறை. ராக்கரின் நுனி வால்வை நேராகக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, கொஞ்சம் பக்கவாட்டிலும் உரசித் தள்ளுகிறது. அதனால் தேய்மானம் அந்தத் திசையில்தான் முதலில் வரும், அதுவும் கைடின் இரு முனைகளும் மணிவாய் போல விரியும். குறுக்குத் திசையில் மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு 'கைடு நல்லாயிருக்கு' என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. இந்த இடத்தில் ஆட்டம் 0.15 மி.மீ.க்கு மேல் தெளிவாகத் தெரிந்தால் புது சீல் தற்காலிக மருந்துதான்; அதைத் தெரிந்துகொண்டே மாட்டுவதில் தவறில்லை.

எந்த சீல்

பழைய எஞ்சின்களில் மூன்று வகை பார்க்கலாம். தண்டோடு சேர்ந்து மேலும் கீழும் போய் கைடுக்குக் குடைபிடிக்கும் வகை ஒன்று. தண்டில் லாக் (ஸ்பிரிங்கின் மேல்தட்டைத் தண்டோடு பூட்டும் இரு பாதித் துண்டு) உட்காரும் பள்ளத்துக்குக் கீழே இன்னொரு பள்ளம் வெட்டி, அதில் சின்ன ரப்பர் வளையம் போடும் வகை இன்னொன்று. பழைய ஷெவர்லே ஸ்மால் பிளாக் எஞ்சின்களில் இது இருக்கும். மூன்றாவது, கைடின் தலையில் இறுக்கமாக மாட்டிக்கொண்டு, மெல்லிய ஸ்பிரிங் வளையத்தின் உதவியோடு தண்டைப் பிடிக்கும் வகை. சீலாக வேலை செய்வதில் மூன்றாவதுதான் கெட்டி. ஆனால் அதற்காக முதல் இரண்டு வகை எஞ்சினில் அதைத் திணிக்கக் கூடாது. அதை மாட்ட கைடின் தலையை சரியான விட்டத்துக்குக் கடைய வேண்டும். வண்டியில் வைத்தே கடைந்தால் இரும்புத் துகள் எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை. தவிர, வால்வு முழுக்கத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் மேல்தட்டான ரீடெய்னரின் அடிப்பகுதி சீலின் தலையை இடிக்கக் கூடாது. ரீடெய்னருக்கும் சீலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதிலிருந்து வால்வு லிஃப்டைக் கழித்தால் குறைந்தது 1.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். கேம்ஷாஃப்ட் மாற்றப்பட்ட எஞ்சின் என்றால் இந்தக் கணக்கைப் போடாமல் தொடவே வேண்டாம்.

பொருள் விஷயத்தில், பழைய சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து சூடாகிக்கொண்டிருந்தால் அது கல்லாக இறுகிவிடும். கழற்றும்போது பிஸ்கட் போல நொறுங்குவது இதனால்தான். வைட்டான் 200 டிகிரியை அலட்டாமல் தாங்கும், விலை வித்தியாசமும் பெரிதில்லை; கிடைத்தால் அதையே வாங்குங்கள். டெஃப்ளான் சீல் தண்டைக் கடுமையாகத் துடைத்துவிடும். சீலே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட எக்ஸாஸ்ட் வால்வுக்கு அதைப் போட்டால் கைடுக்கு ஆயிலே போகாமல் தண்டு உரசிப் பிடித்துவிடும் ஆபத்து உண்டு. முதலில் சீல் இல்லாத எக்ஸாஸ்ட் பக்கத்தை அப்படியே விடுவதுதான் நல்லது.

ஆர்டர் போடும் முன் தண்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 5/16 அங்குலத் தண்டு என்றால் 7.94 மி.மீ.; 8 மி.மீ. சீல் அதில் கையால் பார்க்கும்போது பொருந்தியது போலவே தோன்றும், ஆனால் பிடி இருக்காது. 11/32 அங்குலம் என்றால் 8.73 மி.மீ. கைடுத் தலையின் வெளிவிட்டமும் வேண்டும். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் வேறு வேறு சீல் வரும் எஞ்சின்களில் நிறத்தை வைத்து மட்டும் பிரிக்காதீர்கள். எந்த நிறம் எதற்கு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

வால்வைக் கீழே விழாமல் பிடிப்பது

ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் வால்வைத் தாங்க எதுவும் இல்லை. சிலிண்டருக்குள் விழுந்தால் ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு: காற்று, கயிறு.

காற்று வழியில், பிளக் துளையில் அடாப்டரை மாட்டி 5 முதல் 7 பார் காற்று கொடுப்பார்கள். கம்ப்ரஷன் கேஜின் ஹோஸே போதும், ஆனால் அதன் முனையில் உள்ள சின்ன வால்வு ஊசியைக் கழற்றிவிட வேண்டும். பிஸ்டன் சரியாக மேல் உச்சியில் நிற்க வேண்டும். கொஞ்சம் தள்ளியிருந்தால் காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சுற்றிவிடும். கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து வையுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை விட்டுவிட்டு ஒருபோதும் காற்றைத் திறக்க வேண்டாம். அது சுழன்றால் விரல் எலும்பு தப்பாது. ரிங் தேய்ந்த எஞ்சினில் சின்ன கம்ப்ரஸர் திணறும், நடுவில் அழுத்தம் இறங்கும், வால்வும் இறங்கும்.

எங்கள் ஓட்டு கயிற்றுக்கு. 6 முதல் 8 மி.மீ. தடிமனில், நார் உதிராத மென்மையான பின்னல் நைலான் கயிறு, ஒன்றரை மீட்டர் நீளம். இரு முனையிலும் முடிச்சு. பிஸ்டன் உச்சிக்கு 40, 50 மி.மீ. கீழே, மேல்நோக்கி வரும் நிலையில் இருக்கட்டும். கயிற்றை பிளக் துளை வழியே சுருள் சுருளாகத் திணித்து, கடைசி ஒரு முழத்தை வெளியே விட்டு, கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். கயிறு நசுங்கி வால்வுகளை சீட்டோடு அழுத்தும்போது திருகல் தானே நின்றுவிடும். மின்சாரமும் வேண்டாம், சத்தமும் இல்லை. கைடு அளக்கும்போது கிராங்க்கைச் சற்றுப் பின்னால் திருப்பினால் வால்வு கயிற்றின் மேலேயே இறங்கி நிற்கும். ஒன்று மட்டும் கட்டாயம்: வால்வு திறந்திருக்கும்போது கயிற்றைத் திணிக்கக் கூடாது, போர்ட்டுக்குள் போய் வால்வுக்கு அடியில் சிக்கும்.

ராக்கர் ஷாஃப்டை மொத்தமாக எடுத்துவிட்ட புஷ்ராடு எஞ்சினில் (கீழே உள்ள கேம், நீண்ட கம்பிகள் வழியே ராக்கரை அசைக்கும் வகை) எல்லா வால்வும் மூடியே இருக்கும். ஆகவே கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கா எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கா என்று தேட வேண்டியதே இல்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-ம் 4-ம் சேர்ந்து ஏறும், 2-ம் 3-ம் சேர்ந்து ஏறும். அரைச் சுற்றுக்கு ஒரு ஜோடி. ஆறு சிலிண்டர் நேர்வரிசையில் 1-6, 2-5, 3-4 ஜோடிகள், 120 டிகிரிக்கு ஒன்று. கேம் ஹெட்டிலேயே உள்ள எஞ்சினில் செயின் ஸ்ப்ராக்கெட்டை விட்டு நகராமல் கட்டி, டென்ஷனர் வெளியே துள்ளாமல் பூட்டிய பிறகே கேமைத் தூக்க வேண்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

ராக்கர் ஷாஃப்டைக் கழற்றும் முன் கையேட்டில் ஒரு வரி தேடுங்கள்: ஷாஃப்டைத் தாங்கும் பெடஸ்டல்களின் நட்டுகள் ஹெட்டையும் பிடிக்கின்றனவா? பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் எஞ்சினில் எட்டு நட்டில் நான்கு ஹெட் நட்டாகவும் வேலை செய்கின்றன. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கம் வளைய வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட எஞ்சினில் கூலன்ட்டை இறக்கி, எல்லா ஹெட் நட்டையும் வரிசைப்படி தளர்த்த வேண்டும். அங்கே ஹெட்டையே கழற்றிவிடுவது பல நேரம் புத்திசாலித்தனம். புஷ்ராடை இழுக்கும் முன் ஒரு திருகு திருகி உருவுங்கள். இல்லையென்றால் ஆயில் ஒட்டலில் அதன் அடியில் நிற்கும் டேப்பட்டும் கூடவே மேலே வந்து இடம் தப்பிவிடும். அட்டையில் துளை போட்டு எண் எழுதி வரிசையாகச் செருகி வையுங்கள்.

ஆயில் திரும்பும் துளைகளையும் புஷ்ராடு துளைகளையும் துணியால் அடைத்த பிறகே லாக்கைத் தொட வேண்டும். ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரஸரைப் போடும் முன் ரீடெய்னரின் மேல், தண்டைத் தொடாத அளவில் ஒரு சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. லாக்கும் ரீடெய்னரும் இறுகிப்போன டேப்பர் (கூம்புச் சரிவு) விட்டுக்கொடுக்கும். இதைச் செய்யாமல் லீவரை அழுத்தினால் கம்ப்ரஸர் வளையும், அல்லது லாக் திடீரென்று தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். லாக்கைக் காந்தக் குச்சியால் எடுத்து, அந்தந்த வால்வுக்குரிய ஜோடியாகவே வையுங்கள்.

ஸ்பிரிங் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் வரிசையாக நிற்க வைத்து உயரம் பாருங்கள். ஒன்று மட்டும் ஒரு மி.மீ.க்கு மேல் குட்டையாக இருந்தால் மொத்தமாக மாற்றலாம். பழைய சீலை பிளையரால் திருகித் தூக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கைடின் தலை உடையும். நொறுங்கிய சீலின் ஒவ்வொரு துண்டையும் பொறுக்குங்கள். ஆயில் பம்பின் வலையில் போய் ஒட்டுவது இந்தத் துண்டுகள்தான்.

அடுத்து நகத்தால் லாக் பள்ளத்தைச் சுற்றித் தடவுங்கள். ரம்பப்பல் போல ஏதாவது தட்டுப்பட்டால் நுண்ணிய ஆயில் கல்லால் தேய்த்து எடுங்கள், அடியில் துணி சுற்றியிருக்க வேண்டும். புது சீல் மாட்டும்போதே கிழிவதற்கு முக்கியக் காரணம் இந்த விளிம்பு. சீலோடு வரும் பிளாஸ்டிக் உறையைத் தண்டின் நுனியில் மாட்டுங்கள். உறை இல்லையென்றால் மெல்லிய டேப்பை இறுக்கிச் சுற்றினாலும் போதும்.

கைடுத் தலையில் பிடிக்கும் வகை சீல் என்றால், ஸ்பிரிங் அடியில் வரும் வாஷரை முதலில் போடுங்கள். மறந்துவிட்டு சீலை மாட்டினால் வாஷர் உள்ளே போகாது. சீலைத் திரும்ப எடுத்தால் அது வீண். தண்டுக்கும் சீலின் உதட்டுக்கும் எஞ்சின் ஆயில் தடவலாம், கைடின் வெளிப்பக்கம் மட்டும் காய்ந்தே இருக்கட்டும். அங்கே ஆயில் பட்டால் சீல் ஓடும்போது மேலே கழன்று வந்துவிடும். சீலின் தோளில் மட்டும் உட்காரும் அளவுள்ள நீளமான சாக்கெட்டை வைத்து நேராக அழுத்துங்கள். அடியில் தட்டி நிற்பது கைக்குத் தெரியும். எல்லா சீலும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று கண்ணால் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ரப்பர் வளைய வகைக்கு வரிசை வேறு. ஸ்பிரிங்கையும் ரீடெய்னரையும் முதலில் போட்டு அழுத்திப் பிடித்து, அதன் பிறகு வளையத்தைக் கீழ்ப் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வைத்து, கடைசியாக லாக். வளையத்தை முன்னாலேயே போட்டால் ரீடெய்னர் இறங்கும்போது அதை வெட்டிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. புகை மட்டும் அப்படியே இருக்கும்.

ஸ்பிரிங்கில் சுற்றுகள் நெருக்கமாக உள்ள முனை ஹெட் பக்கம். லாக்கின் உள்பக்கம் கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரஸரை மெதுவாக விட்டபின் இரண்டு பாதியும் சமமாக இருக்கின்றனவா பாருங்கள். கயிறு இறுக்கமாக இருக்கும்போதே தண்டின் நுனியில் பிளாஸ்டிக் சுத்தியலால் இரண்டு தட்டு. சரியாக உட்காராத லாக் இப்போதே தெறிக்கட்டும், ஓடும்போது தெறித்தால் வால்வு பிஸ்டனில் இறங்கும்.

ராக்கர் ஷாஃப்டைப் பூட்டும்போது புஷ்ராடுகள் டேப்பட் குழியில் உட்கார்ந்தனவா என்று விரலால் சுற்றிப் பார்த்து, எல்லா நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி மாறி இறுக்குங்கள். டேப்பட் இடைவெளி வைக்க எட்டு வால்வு நேர்வரிசை எஞ்சின்கள் பலவற்றில் ஒன்பது கணக்கு உதவும்: 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-வதைச் சரிசெய்யுங்கள், 6-வது திறந்திருக்கும்போது 3-வதை, கூட்டினால் எப்போதும் 9.

முதல் ஸ்டார்ட்டில் புகை வரத்தான் செய்யும். போர்ட்டிலும் சைலன்சரிலும் பழைய ஆயில் ஊறிக் கிடக்கிறது. அது எரிய நல்ல சூட்டில் ஒரு நீண்ட ஓட்டம் தேவை. பிளக்கைப் புதிதாகப் போடுங்கள். அப்போதுதான் பின்னால் கழற்றிப் பார்க்கும்போது எந்தச் சிலிண்டர் இன்னும் ஆயில் குடிக்கிறது என்று தெரியும். சமதளத்தில், எஞ்சின் ஆறிய நிலையில் டிப்ஸ்டிக் அளவைக் குறித்து, 500 கி.மீ. கழித்து அதே இடத்தில் அதே போல மறுபடி பாருங்கள்.

ஒரே ஒரு பிளக் மட்டும் ஈரக் கறுப்பாக வந்து, அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனும் சரியாக இருந்தால், நீங்கள் எழுதி வைத்த ஆட்ட அளவுகளில் அந்த வால்வின் எண்ணைத் தேடுங்கள். அது எல்லையைத் தாண்டியிருந்தால் ஹெட் கீழே இறங்க வேண்டியதுதான். கைடை மாற்றினாலும் சரி, வெண்கல லைனர் போட்டாலும் சரி, வால்வின் மையம் இழையளவு நகர்ந்திருக்கும். அதனால் சீட்டையும் புது மையத்துக்குத் திரும்ப வெட்டச் சொல்லி வேலை கொடுங்கள். சீட்டை வெட்டாமல் வந்த ஹெட்டில் வால்வு ஒரு பக்கம் மட்டும் உட்காரும், கைடு அந்தப் பக்கமே மறுபடி தேயும்.